சின்னப்பொண்ணுக்குக் கொள்ளி

பங்குனி, செவ்வாய்

காலையிலேயே வெயில் மண்டையைப் பிளக்கிறது. பள்ளிக்கூடத்தில் பாதிப் பிள்ளைகள் இல்லை. அறுப்புக் காலம், கதிர் பொறுக்கப் போய்விட்டதுகள். வந்ததுகளும் தூங்கி வழிந்தன. செய்ய வேண்டியவை: கரும்பலகைக்குக் கரி. தண்ணீர்ப் பானை ஓட்டை, மாற்று. மரகதத்துக்குக் கிராம்பு. பல்வலி வந்ததிலிருந்து என் மேல்தான் எரிந்து விழுகிறாள், அந்தப் பல்லை நான்தான் முளைக்க வைத்தேன் என்பதுபோல்.

வாய்ப்பாடு நடந்துகொண்டிருந்தபோது ஏழுமலை வாசலில் வந்து நின்றான். மரகதத்தின் தம்பி, என் மைத்துனன். அறுப்பைப் பாதியில் விட்டுவிட்டு வந்திருக்கிறான் என்றால் நல்ல சேதியாக இருக்காது.

“சின்னப்பொண்ணு பூட்ச்சு மாமா. கரண்ட்டு கம்பில மாட்டிக்கினு கீது” என்றான்.

நைனா வளர்க்கும் குரங்கு. நைனா பெரிய வீட்டுக்காரரின் நிலத்தில் தண்ணீர் கட்டுகிறார். அந்த வீட்டு மோட்டார் கொட்டகைக்குப் போன வருஷம்தான் கரண்ட் வந்தது. சின்னப்பொண்ணு எப்போதும்போல் நைனாவின் தோளில் உட்கார்ந்து போயிருக்கிறது, இறங்கி வேப்பமரத்தில் ஏறியிருக்கிறது, மரத்திலிருந்து கம்பிக்குத் தாவியிருக்கிறது. அவ்வளவுதான். தினமும் தாவுகிற மரம். கம்பிதான் புதிது.

நான் போனபோது கம்பத்து உச்சியில் தொங்கிக்கொண்டிருந்தது. நைனா கீழே அண்ணாந்து நின்றார், இரண்டு கையையும் ஏந்திக்கொண்டு, எந்த நேரமும் விழும் என்பதுபோல். உத்திரமேரூரிலிருந்து லைன்மேன் வந்து சேர வெயில் சாய்ந்துவிட்டது. அதுவரை அந்த மனிதர் கையை இறக்கவில்லை. மடை உடைந்து தண்ணீர் பக்கத்து வயலுக்குப் போயிற்று. பெரிய வீட்டுக் கணக்குப்பிள்ளை கத்திவிட்டுப் போனான். காதில் வாங்கவில்லை. லைன்மேன் கழியால் தள்ளினான். நேராக நைனாவின் கையில் வந்து விழுந்தது. அதன் உள்ளங்கைகள் கருகியிருந்தன.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் சாலையில் லாரி அடித்துச் செத்த தாயின் மாரைப் பிடித்துக்கொண்டு கிடந்த குட்டி. அம்மாதான் மடியில் கட்டிக்கொண்டு வந்தாள். ஆட்டுப் பாலைத் துணித் திரியில் நனைத்துக் கொடுத்தாள். பெயரும் அவள் வைத்ததே. அம்மா போன கார்த்திகையில் போய்விட்டாள். அதற்கப்புறம் அது நைனாவின் வயிற்றின் மேல்தான் தூங்கியது. என்னோடு நாளைக்கு நாலு வார்த்தை பேசாத நைனா, அதனோடு பொழுதன்னைக்கும் பேசிக்கொண்டிருப்பார். எனக்கு அதைப் பிடிக்காது. என் மூக்குக் கண்ணாடியை உடைத்தது. சாக்பீஸ் தின்றது.

நைனா ஒன்றே ஒன்றுதான் சொன்னார். “ஒங்கம்மாவ வெச்ச எடத்துல வெச்சி எரிச்சிடணும்.”

கொல்லையில் புதைத்துவிடலாமே என்றேன். நரி நோண்டும் என்றார். கிழவரோடு யார் மல்லுக்கட்டுவது? காலையில் பள்ளிக்கூடம் திறப்பதற்குள் முடித்துவிடலாம் என்று ஒத்துக்கொண்டேன்.

வேண்டியவை: வேலிகாத்தான் விறகு (ஏழுமலை வெட்டித் தருகிறான்). வறட்டி (மரகதம் சேர்த்து வைத்தது, கொடுக்க மனசு வந்தால்). வைக்கோல். மண்ணெண்ணெய். மறுநாளைக்குப் பால்.

கிணற்றடியில் ஒரு குரல், எனக்குக் கேட்கட்டும் என்றே: வாத்தியார் வூட்டுல கொரங்குக்குக் காரியம் பண்றாங்களாமே. சிரிப்பு. சிரிக்கட்டும். படித்து வாங்கிய மரியாதை நாளையோடு கோவிந்தா.

பங்குனி, புதன்

மேகம் ஒரு பொட்டுகூட இல்லை.

மரகதம் நான் கேட்காமலேயே வறட்டியை எடுத்துக் கூடையில் அடுக்கி வைத்திருந்தாள். கண் வீங்கியிருந்தது. பல் என்றாள். சரி, பல்தான்.

நானும் ஏழுமலையும் விடியுமுன் நம் சுடுகாட்டுக்குப் போய் விறகை அடுக்கிவிட்டோம். அம்மாவை வைத்த இடத்துக்குப் பக்கத்தில். சின்னப்பொண்ணை எடுத்துக்கொண்டு போகலாம் என்று வீட்டுக்கு வந்தால் தலையாரி நிற்கிறார். பெரிய வீட்டுக்காரர் கையோடு கூட்டி வரச் சொன்னாராம். (இனி பெ.வீ. முழுசாக எழுதினால் கை வலிக்கிறது.)

ஒரு பத்து நிமிஷம் இரும் என்று சொல்லிவிட்டு, கொண்டுபோய்க் கொள்ளி வைத்துவிட்டுப் போயிருக்கலாம். தோன்றவே இல்லை. கூப்பிட்டதும் கால் தானாக நடக்கிறது. டிரெயினிங் படித்து என்ன கிழித்தேன்?

அவர் நெற்களத்தில் நின்றேன். பெ.வீ. ராத்திரி தூங்கவில்லை என்பது முகத்தில் தெரிந்தது. மருமகளுக்கு இது மாசம். தன் கம்பியில் குரங்கு செத்தது வீட்டின் மேல் வந்து விடியுமோ என்று மனிதர் நடுங்கிப் போயிருக்கிறார். பஜனை கோயில்காரர்கள் பரிகாரம் சொல்லியிருக்கிறார்கள். குளிப்பாட்டி, நாமம் போட்டு, நாற்காலியில் உட்கார வைத்து, மேளத்தோடு ஊர்த் தெரு நாலையும் சுற்றி, குளக்கரையில் உட்கார்ந்த நிலையிலேயே சமாதி. மேலே சின்னதாக ஒரு கோயில். எரிப்பது மகா பாவம், ஊருக்கு மழை வராது. மேளத்துக்கு ஆள் நம் தெருவிலிருந்து.

இதெல்லாம் சொல்லும்போது ‘வாத்தியாரே’ என்றார். இத்தனை வருஷமாக அவர் வாயில் நான் இன்னான் மகன்தான்.

நைனா வளர்த்தது, அவரைக் கேட்க வேண்டும் என்றேன். குரல் ஈனமாக வந்தது. என் குரல் அந்தக் களத்தில் எப்போதும் அப்படித்தான் வந்து தொலைக்கிறது.

“வளத்தது ஒங்க நைனாதான், யாரு இல்லன்னாங்க?” என்றார் பெ.வீ. “ஆனா செத்தப்பறம் அது சாமி. சாமிய சேரில வெச்சிக்கினு இருக்கக்கூடாது.”

வீட்டுக்கு வந்து சொன்னேன். நைனா சின்னப்பொண்ணின் பக்கத்தில் உட்கார்ந்து ஈ ஓட்டிக்கொண்டிருந்தார்.

“அது பொட்டைடா. ஆஞ்சநேயரு எங்கேந்து வந்தாரு?” என்றார்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவருக்கு வரவில்லை. எந்தத் தெரு வழியாக என்று கேட்டார். நாலு தெருவும் என்றேன். இன்னொரு ஈயை ஓட்டிவிட்டுச் சொன்னார்.

“நானே தூக்கிக்கினு வரேன். தெரு முச்சூடும் நாந்தான் தூக்குவேன். அப்டின்னா குடுக்கறேன்னு சொல்லு.”

அவர் எதைக் கேட்கிறார் என்று எனக்குப் புரிந்தது. கார்த்திகையில் அம்மா செத்தபோது ஏரி நிரம்பி வழிந்துகொண்டிருந்தது. சுடுகாட்டுக்குப் போகிற வரப்பு முழுக்க மார்பளவு தண்ணீர். ஊர்த் தெரு வழியாகப் போனால் கால் நனையாமல் போய்விடலாம். கேட்டோம். நைனாதான் போய்க் கையைக் கட்டிக்கொண்டு கேட்டார். தெருவில் கோயில் இருக்கிறது என்றார்கள். தண்ணீரில் இறங்கித்தான் கொண்டுபோனோம். நடுவில் ஏழுமலைக்குக் கால் வழுக்கிப் பாடை சாய்ந்தது. நைனா தலையைக் கொடுத்து முட்டு நின்றார். அம்மா நனைந்துவிட்டாள். நனைந்த உடம்பில் நெருப்பு ஏறவே இல்லை. பொழுது சாயும்வரை ஊதிக்கொண்டிருந்தோம். இதை இதுவரை எங்கேயும் எழுதியதில்லை. எழுதி மட்டும் என்ன ஆகப்போகிறது?

நைனா சொன்னதைத் தலையாரியிடம் சொல்லியனுப்பினேன். சாயங்காலம் பதில் வந்தது. தெரு முனை வரைக்கும் அவர் தூக்கலாம், அங்கிருந்து ஊர்க்காரர்கள் வாங்கிக்கொள்வார்கள். அவர்களைப் பொறுத்தவரை பெரிய விட்டுக்கொடுத்தல்.

வேண்டாம் என்றார் நைனா. காலையில் எடுத்துப் போய் எரித்துவிடுவோம்.

மரகதம் வேப்பிலையும் மஞ்சளும் போட்டிருக்கிறாள். அப்படியும் வாடை வருகிறது. எனக்குப் பயம். அறுப்பு முழுக்க பெ.வீ. நிலம். மரகதத்தின் கூலி, ஏழுமலையின் கூலி, நைனாவின் கஞ்சி எல்லாம் அங்கே. எனக்கு மாற்றல் வாங்கித் தருவது அவருக்கு ஒரு கடிதாசு. நைனாவிடம் இதைச் சொல்ல வாய் வரவில்லை.

பங்குனி, வியாழன்

பனி கொஞ்சம். கிராம்பு இன்றும் மறந்தது.

அம்மாவின் பழைய சேலையில் சுற்றி நைனா எடுத்துக்கொண்டார். நான், ஏழுமலை, தெருவில் இன்னும் ரெண்டு பேர். சிரித்தவர்கள்தான், ஆனாலும் வந்தார்கள். அது போதும்.

சுடுகாட்டில் ஊர்க்காரர்கள் முன்னாலேயே வந்து நின்றார்கள். பெ.வீ., பஜனை கோயில்காரர்கள், தலையாரி. கழிகளை வரப்பில் சாய்த்து வைத்திருந்தார்கள். பிடுங்கவில்லை. அடிக்கவில்லை. ஒரு கெட்ட வார்த்தை கிடையாது. எல்லோரும் கை கூப்பினார்கள். எங்களைப் பார்த்து அவர்கள் கை கூப்பி நான் பார்த்ததே இல்லை. நைனாவும் பார்த்திருக்க மாட்டார். எங்களைப் பார்த்து இல்லைதான், மூட்டையைப் பார்த்து.

பிறகு பெ.வீ. தடாலென்று விழுந்தார். நெடுஞ்சாண்கிடையாக, நெற்றி மண்ணில் பட, நைனாவின் காலடியில். 

நைனா ஆடிப்போய்விட்டார். பிறந்ததிலிருந்து அந்த வீட்டுக்காரர்களைக் கண்டால் துண்டை இடுப்பில் கட்டி ஒதுங்கி நின்றவர். ஐயோ வேணாம் எய்ந்திரிங்க, எய்ந்திரிங்க என்று பதறிக்கொண்டு எழுப்பக் குனிந்தார். எழுப்புவதற்குக் கை வேண்டும். பக்கத்தில் ஊர்க்காரர்கள் நீட்டிய கைகளில் மூட்டையைக் கொடுத்துவிட்டார். குனிந்த பிறகுதான் அவரைத் தொடக்கூடாதே என்பது ஞாபகம் வந்திருக்க வேண்டும். இரண்டு கையும் பாதியில் நின்றன. நைனா நிமிர்ந்து பார்க்கும்போது மூட்டை வரப்பில் போய்க்கொண்டிருந்தது.

யாரும் ஏமாற்றவில்லை. நைனாவே கொடுத்தார். அதுதான் எனக்கு ஆறவே மாட்டேன் என்கிறது. நான் பக்கத்தில் நின்றேன், நான் வாங்கியிருக்கலாம். நானும் பெ.வீ. விழுந்ததைத்தான் வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தேன்.

குளத்தில் குளிப்பாட்டினார்கள். நாமம், மஞ்சள் வேட்டி, துளசி மாலை. நாற்காலிக்கு ஒரு சிக்கல். வீட்டு நாற்காலியைப் பிணத்துக்குக் கொடுக்க எவனுக்கும் மனசில்லை. சாமி என்று வாயால் சொல்வது வேறு. தலையாரி பள்ளிக்கூடத்துச் சாவிக்கு வந்தார். என் நாற்காலி போயிற்று.

ஏழுமலை பறையை எடுத்து நெருப்பில் காய்ச்சிக்கொண்டிருந்ததைப் பார்த்ததும் எனக்கு ரத்தம் கொதித்தது. உனக்கு வெட்கமாயில்லையா என்று கேட்டேன். அவன் தலை நிமிரவில்லை.

“அடிக்கலன்னா இன்னா ஆவும்னு ஒனக்குத் தெரியாதா மாமா? நீ சம்பளக்காரன்” என்றான்.



தெரு முனைப் புளியமரம் வரை பின்னால் போனோம். மேளம் முன்னால் தெருவுக்குள் போனது. மேளம் எப்போதும் போகலாம், அவர்கள் சாவுக்கும் அதுதானே அடிக்கிறது. நாற்காலியும் தெருவுக்குள் திரும்பியது. அத்தனை பூவுக்குள் சின்னப்பொண்ணு ரொம்பச் சின்னதாகத் தெரிந்தது, தலை ஒரு பக்கம் சாய்ந்து. நைனா பின்னாலேயே நடந்தார். தலையாரி குறுக்கே கையை நீட்டினார், மேலே படாமல்.

வாசலுக்கு வாசல் கற்பூரம். பெண்கள் குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றினார்கள். ஒரு பெண் அழுதுகூட விட்டாள். கோவிந்தா, கோவிந்தா என்று நாலு தெருவிலும் கேட்டது. நைனா புளியமரத்தடியில் உட்கார்ந்து, சத்தம் எந்தத் தெருவில் போகிறதோ அந்தப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டே இருந்தார். மேளம் குளக்கரையில் நின்ற பிறகுதான் எழுந்தார்.

சாப்பிடவில்லை. மரகதம் கஞ்சியைக் கரைத்து வைத்தாள், ஏடு கட்டிவிட்டது.

பங்குனி, வெள்ளி

புழுக்கம். நாற்காலி வரவில்லை. சாமி உட்கார்ந்ததாம், இனி நான் உட்காரக்கூடாதாம், பஜனை கோயிலில் வைத்துவிட்டார்கள். நின்றுகொண்டே பாடம். முழங்கால் வலி. ஒரு பயல், சார் ஒங்க கொரங்குதான் இப்ப சாமியா என்று கேட்டான். பெருக்கல் கணக்கு கொடுத்தேன்.

நைனா விடியற்காலையிலிருந்து வீட்டில் இல்லை. தண்ணீர் கட்டவும் போகவில்லை என்று மரகதம் ஆள் அனுப்பினாள். ஏரி, கிணறு என்று என்னென்னவோ தோன்றியது. பிள்ளைகளை விட்டுவிட்டு ஓடினேன்.

சுடுகாட்டில் இருந்தார். நாங்கள் அடுக்கிய விறகு அப்படியே இருந்தது. பக்கத்தில் உட்கார்ந்து வைக்கோலை முறுக்கிக்கொண்டிருந்தார். கை, கால், தலை. வால்கூட வைத்திருந்தார். அடுக்கிய கட்டையைச் சும்மா விடக்கூடாது என்றார். அவருடைய அண்ணன் ரங்கூனுக்குப் போய் அங்கேயே செத்தபோது, உடம்பு கிடைக்காமல் வைக்கோலில்தான் செய்து எரித்தார்களாம். உடம்பு இல்லாவிட்டால் நம்மில் அதுதான் வழக்கம். எனக்கும் தெரியும், கேள்விப்பட்டிருக்கிறேன். அது மனிதர்களுக்கு.

பொம்மையின் இடுப்பில் சின்னப்பொண்ணின் பழைய அரைஞாணைக் கட்டினார். அம்மாவின் சேலைக் கிழிசலைச் சுற்றினார். கொள்ளியை நீதான் வைக்க வேண்டும் என்றார்.

நான் பின்வாங்கினேன். குரங்கை எரிப்பதற்கே சிரித்தார்கள், வைக்கோல் குரங்கை எரித்தால் பைத்தியம் என்பார்கள் என்றேன். நான் நாலு பேர் முன்னால் நிற்கிறவன், பள்ளிக்கூடம் நடத்துகிறவன் என்றெல்லாம் சொன்னேன். எங்கே நிற்கிறேன், எதில் உட்கார்ந்து நடத்துகிறேன் என்று அவர் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை.

“அப்பன் வெக்கக்கூடாதுடா. அதுக்கு வேற யாரு கீறாங்க? கூடப் பொறந்தவன் நீதான்” என்றார்.

சட்டையைக் கழற்றினேன். பானையில் தண்ணீர் எடுத்துத் தோளில் வைத்துக்கொண்டு சுற்றினேன். நைனா ஒவ்வொரு சுற்றுக்கும் ஓட்டை போட்டார். பானையைப் பின்னால் போட்டு உடைத்து, திரும்பிப் பார்க்காமல் கொள்ளி வைத்தேன். காய்ந்த வைக்கோல், குபீரென்று ஏறியது.

“நல்லா புடிச்சிக்கிச்சி” என்றார் நைனா. அப்படியே மண்ணில் உட்கார்ந்து அழுதார். அம்மாவுக்கு ஒரு சொட்டு விடாத மனிதர். வாய்விட்டு, பெண்பிள்ளை மாதிரி, அம்மா பேரையும் அதன் பேரையும் மாற்றி மாற்றிச் சொல்லி அழுதார். நானும் அழுதேன். இதற்கு மேல் எழுத முடியவில்லை.

அணைந்த பிறகு அவரே சவரக் கத்தியை எடுத்து என் தலையையும் மீசையையும் மழித்தார். காதோரம் வெட்டிவிட்டது. மரகதம் பார்த்துவிட்டுத் தலைக்கு மஞ்சள் வைத்தாள். ராத்திரி நைனா கஞ்சி குடித்தார். ஊறுகாய் கேட்டு வாங்கிக்கொண்டார்.

பங்குனி, சனி

மூடாக்கு, ஆனால் மழை இல்லை. காலையில் பால் தெளித்தோம். அள்ள எலும்பு இல்லை, சாம்பல்தான். அதையே கொஞ்சம் எடுத்து அம்மாவின் இடத்தில் தூவினார் நைனா.

பள்ளிக்கூடம் லீவு. கடைக்குப் போகிற வழியில் ஏரிக்கரையில் பெ.வீ. எதிரே வந்தார். குளக்கரைச் சமாதிக்குப் பூ வைத்துவிட்டு வருகிறார், கையில் தட்டு. மருமகளுக்கு ராத்திரி ஆண் பிள்ளை பிறந்திருக்கிறது. நேற்று சுடுகாட்டுப் புகையை ஊரே பார்த்திருக்கிறது. என் மொட்டைத் தலையைப் பார்த்து நின்றார். வழக்கம்போல் நான் கரையை விட்டு இறங்கி ஒதுங்க வேண்டும். இன்று இறங்கத் தோன்றவில்லை. வேண்டுமென்று செய்ததா என்று கேட்டால் எனக்கே தெரியாது.

“யாரு வாத்தியாரே தவறிட்டாங்க?” என்றார்.

வெளியூரில் ஒரு சித்தப்பா, பெரியம்மா, யாரையாவது சொல்லியிருக்கலாம். வாய்க்கு வந்ததுதான்.

“எந் தங்கச்சிங்க” என்றேன்.

குரல் சரியாக வந்தது.

எங்கள் குடும்பத்தில் யார் யார் என்பது அவருக்கு எங்களைவிட நன்றாகத் தெரியும். என் முகத்தைப் பார்த்தார். குளக்கரைப் பக்கம் ஒரு தடவை திரும்பிப் பார்த்தார். பிறகு அவரே சரிவில் கால் வைத்து என்னைச் சுற்றிக்கொண்டு போனார்.

மத்தியானம் தலையாரி வந்தார். வாசலுக்கு வெளியிலேயே நின்று, வேறு எங்கோ பார்த்துக்கொண்டு சொன்னார். மரகதமும் ஏழுமலையும் இனி அறுப்புக்கு வர வேண்டாம். நைனா தண்ணீர் கட்ட வர வேண்டாம். வேறு ஆள் பார்த்தாகிவிட்டது.

மரகதம் என்னைப் பார்த்தாள். நான் நைனாவைப் பார்த்தேன். அவர் எழுந்து உள்ளே போய் மண்வெட்டியை எடுத்து வந்தார். மண்ணைத் தட்டி, துண்டால் துடைத்து, தலையாரியின் கையில் கொடுத்தார். அது அவர்கள் வீட்டு மண்வெட்டி.